ஓ.டி.பி. சொல்வதும் கையெழுத்துதான்

கடை வணிகர்களாகிய நமக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ள முதலாளியும் கிடையாது. கடை முதல் ஆஸ்பத்திரிக் கட்டணமாகக் கரையாமல் காப்பது நாம் எடுத்து வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு ஒன்றுதான். அதற்குக் கட்டும் பிரீமியத்துக்கு வருமான வரிச் சட்டம் கழிவு தருகிறது. நமக்கும் மனைவி மக்களுக்குமாக ரூ.25,000, பெற்றோருக்குக் கட்டினால் தனியாக ரூ.25,000, அவர்கள் 60 வயது நிறைந்தவர்கள் எனில் ரூ.50,000 வரை.

இது நம் உரிமை. ஆனால் ரிட்டர்னைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, என்ன எழுதினார் என்று கேட்காமலே இருந்துவிடுகிறோம். செல்போனில் வரும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லியும் விடுகிறோம். அந்த எண்ணைச் சொல்வது கையெழுத்துப் போடுவதற்குச் சமம் என்பதை வணிகர்கள் மறந்துவிடக் கூடாது.

மின்னணு ரிட்டர்னுடன் ரசீதை இணைப்பதில்லை. அதனால் ரசீதே தேவையில்லை என்று ஆகிவிடாது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் கேட்கப்படுகின்றன. கட்டாத பிரீமியத்தைக் கட்டியதாக எழுதி 'ரீபண்டு' வாங்கித் தருவதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பொய்க் கழிவு கோரிய ரிட்டர்ன்கள் தொடர்பாக 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சோதனை நடத்தியது. தவறான விவரம் தந்ததாக முடிவானால் அபராதம் வரியைப்போல இரண்டு மடங்கு. அதைக் கட்ட வேண்டியவர் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் அல்ல, நாம்தான்.

உண்மையாகக் கட்டியவர்களும் கழிவை இழப்பதுண்டு. கல்லாவிலிருந்து ரொக்கமாக எடுத்துக் கொடுத்த பிரீமியத்துக்குக் கழிவு இல்லை. காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கட்ட வேண்டும். குடும்பப் பாலிசியின் பிரீமியத்தைக் கடைச் செலவில் எழுதக் கூடாது; அது சொந்தப் பற்று. மூன்றாண்டுப் பிரீமியத்தை ஒரே தவணையில் கட்டினாலும் ஆண்டுக்கு ஒரு பங்குதான் கழியும்.

இன்னொன்று: புதிய வரி முறையில் இந்தக் கழிவு கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல் நாமாகக் கேட்காவிட்டால் புதிய முறையே பொருந்தும். வியாபார வருமானம் உள்ளவர் பழைய முறைக்குப் போக, கெடுவுக்குள் உரிய படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் ரூ.12 லட்சம் வரை வியாபார வருமானத்துக்கு வரி இல்லாததால், நம்மில் பலருக்கு அதுவே லாபம். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கழிவு இல்லை என்பதற்காகப் பாலிசியை மட்டும் விட்டுவிட வேண்டாம். பாலிசி வரிக்காக எடுத்ததல்ல, உயிருக்காக எடுத்தது.

ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ரிட்டர்ன் காலத்தில் ஒரு நாள் ஒதுக்கி, உறுப்பினர்களின் ரசீதுகளையும் ரிட்டர்ன் நகலையும் விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். நகலைப் படித்துப் பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்வது என்று உறுப்பினர் ஒவ்வொருவரும் உறுதி கொள்ள வேண்டும்.