‘புஷ் சைக்கிளுக்கு எவ்வளவு தங்கச்சி?’

கிராண்ட்பாஸ் வீதியில் நிறுத்தியிருந்த ஒரு வேனின் சாரதிப் பக்கக் கதவு திறந்தபோது நான் அதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தேன். காலை ஆறே முக்கால் மணி. இடது பக்கம் நிறுத்திய வாகனங்களின் வரிசை, வலது பக்கம் பஸ். பிரேக் பிடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த ஞாபகம், முழங்கை தேய்ந்து தாரில் கிடக்கிறேன், பின்னால் வந்த பஸ் நின்றிருக்கிறது. அந்தச் சாரதி கவனமாக இருந்ததால்தான் இதை எழுத முடிகிறது.

வேன்காரர் கெட்டவர் அல்ல. ஓடிவந்து தூக்கினார், பக்கத்துத் தேநீர்க் கடையில் தண்ணீர் வாங்கித் தந்தார், கதவைத் திறக்குமுன் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று தானாகவே ஒப்புக்கொண்டார். பிறகு பணப்பையை எடுத்தார்.

“புஷ் சைக்கிளுக்கு எவ்வளவு தங்கச்சி? ரெண்டாயிரம் தாறன், ரிம்மை நெளிவெடுத்துக்கொள்ளுங்க.”

“நானா, இது மூன்று இலட்சத்து எண்பத்தையாயிரம்.”

கூடியிருந்தவர்கள் ஒரு நொடி பேசவில்லை. பிறகு ஒருவர் சிரித்தார். அந்தக் காசுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளே வாங்கியிருக்கலாமே என்றார் இன்னொருவர். எனக்கு வெட்கமாக இருந்தது. கதவைத் திறந்தவர் அவர், விழுந்தவள் நான். ஆனாலும் விலையைச் சொன்ன கணத்திலிருந்து அந்த இடத்தில் பிழைகாரி நான்தான் என்பது போலிருந்தது.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் 2022க்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஜூன் 27 அன்று, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூ.ஆர். அட்டை. அந்தக் கோடையில் கொழும்பு சைக்கிளில் ஏறியது. வைத்தியர்களும் வங்கி ஊழியர்களும் சைக்கிளில் வேலைக்குப் போன படங்களை உலகப் பத்திரிகைகள் போட்டன. டாம் வீதியில் சைக்கிள்களின் விலை வாரத்துக்கு வாரம் ஏறியது. ரூபாவும் விழுந்திருந்தது: மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 சொச்சம், மே மாதத்தில் 360. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வேறு. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பாவித்த சைக்கிள்களுக்குப் பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதெல்லாம் புதினம் அல்ல. தொண்ணூறுகளில் பெற்றோல் தடையோடு வாழ்ந்த குடாநாட்டில் ரலியும் ஹம்பரும்தான் அம்புலன்ஸ், லொறி, கலியாணக் கார் எல்லாமே. 1995 இடப்பெயர்வில் ஹேண்டிலில் மூட்டையும் கரியரில் கிழவியுமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்ததைச் சொல்லாத குடும்பம் குறைவு. 2022இல் கொழும்பு அதைக் கண்டுபிடித்ததுபோல நடந்துகொண்டபோது, “இப்பதான் தெரியுதோ” என்றார் என் அம்மா.

நான் அப்போது ஏறியது ஒரு இரவல் லுமாலா. கொட்டாஞ்சேனையிலிருந்து வேலைக்காகப் பம்பலப்பிட்டிவரை. வெறும் வீதிகள், காதில் காற்று. பழக்கம் ஒட்டிக்கொண்டது. பெற்றோல் திரும்பி வந்து, 2023 செப்டம்பரில் கியூ.ஆர். முறையும் நிறுத்தப்பட்ட பிறகு பலர் இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. ஞாயிறு விடியலில் தியவன்னா பக்கம் கூட்டமாக ஓடுபவர்களோடு சேர்ந்தேன். அங்கேதான் ஒருவர் தன் கார்பன் சைக்கிளை ஒரு சுற்று ஓடப் பாருங்கள் என்று தந்தார். அது பிழையான காரியம். எட்டுக் கிலோ சைக்கிளில் ஒரு தடவை ஏறியவருக்குப் பிறகு லுமாலாவில் மனம் நிற்பதில்லை.

ஒரு வருடம் சேர்த்தேன். இரண்டு மொழிபெயர்ப்பு வேலைகள், ஒரு ஆய்வுக்கான களப்பணி, கொஞ்சம் சீட்டுக்காசு. வாங்கியது பாவித்தது: தைவான் பிரேம், சிமானோ 105 கியர், முன்னைய சொந்தக்காரர் வெளிநாடு போவதால் விற்றார். (2022க்குப் பிறகு கொழும்பில் நல்ல பொருள் எதுவும் பாவித்ததாகக் கிடைத்தால், பெரும்பாலும் யாரோ நாட்டை விட்டுப் போகிறார் என்றுதான் அர்த்தம்.) 2025 ஏப்ரலில் தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் என் சைக்கிள் ஒரு தொழிலாளியின் பதினான்கு மாத உழைப்பு. கிராண்ட்பாஸில் அதைச் சத்தமாகச் சொன்னபோது சிரித்தவரில் எனக்குக் கோபமில்லை.

விபத்துக்கு வருவோம். வெளியே தெரிந்த சேதம் மிகக் கொஞ்சம். ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருந்தது, அதில் சுற்றியிருந்த நாடா கிழிந்திருந்தது, பின் கியர் உள்ளே சாய்ந்திருந்தது, பிரேமின் கீழ்க்குழாயில் கட்டைவிரல் அளவுக்கு வர்ணம் உரிந்திருந்தது. இரும்புச் சைக்கிள் என்றால் அரை மணி நேர வேலை.

டாம் வீதியில் நான் வழக்கமாகப் போகும் நானா ஹேண்டிலைத் தொடவே இல்லை. முதலில் ஹெல்மெட்டைக் கேட்டார். உள்ளே இருக்கும் வெள்ளை நுரை ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. “இது முடிஞ்சுது” என்று ஓரமாக வைத்தார். அந்த நுரை ஒரு தடவை அடி வாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. நசுங்கித்தான் மண்டையைக் காக்கிறது, நசுங்கியது திரும்ப எழும்பாது. பிறகு ஒரு இரண்டு ரூபாக் குற்றியை எடுத்துக் குழாய்களைத் தட்டத் தொடங்கினார். ‘டிக், டிக்’ என்று கூர்மையாக வந்த சத்தம் வர்ணம் உரிந்த இடத்துக்குப் பக்கத்தில் ‘டொக்’ என்று மங்கியது. திரும்பவும் தட்டினார். திரும்பவும் ‘டொக்’.

கார்பனின் சங்கடம் இதுதான். இழை ஓடும் திசையில் அது இரும்பையே தோற்கடிக்கும். பக்கவாட்டில் ஒரு கூரான அடி விழுந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடலாம், வெளியே ஒரு கீறல் மட்டும் தெரியும். இரும்பு வளைந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் நசுங்கும். கார்பன் பல நாள் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் இறக்கத்தில் முறியலாம். குற்றித் தட்டலும் நிச்சயமான சோதனை அல்ல. குழாயின் தடிப்பு மாறும் இடத்திலும் சத்தம் மாறும். முன் போர்க்கின் மேல்தண்டு இன்னும் மோசம், அது பிரேமுக்குள் ஒளிந்திருப்பதால் கழற்றாமல் தெரியாது. கழற்றினார். நல்லவேளை, அதில் ஒன்றுமில்லை. அலுமினிய ஹேண்டிலை மட்டும் வளைவே தெரியாவிட்டாலும் மாற்றச் சொன்னார். வளைந்ததை நிமிர்த்தி ஓடுவது பல்லைப் பணயம் வைப்பது என்பது அவருடைய வாதம்.

பின் கியர் சாய்ந்ததற்குக் காரணம் ஹேங்கர் என்ற ஒரு சின்ன அலுமினியத் துண்டு. கியரைப் பிரேமோடு பிடித்து வைத்திருப்பது அதுதான். அடி விழும்போது பிரேமுக்குப் பதிலாகத் தான் வளையவோ முறியவோ வேண்டும் என்றே அதை மென்மையாகச் செய்கிறார்கள். பிரேமுக்குப் பிரேம் அதன் வடிவம் வேறு. 2019இல் ஸ்ராம் நிறுவனம் எல்லாப் பிரேமுக்கும் பொதுவான ஒரு ஹேங்கரை அறிமுகப்படுத்தியது, ஆனால் என்னுடையது அதற்கு முந்திய பிரேம். கொழும்பில் ஐந்து கடை ஏறி இறங்கினேன். இல்லை. வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். பொருளின் விலையைவிடத் தபாலும் தீர்வையும் கூட.

பிரிந்த அடுக்குக்கு என்ன செய்வது? வெளிநாடுகளில் கார்பன் திருத்துவதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. பழுதான இடத்தைச் சாய்வாகத் தேய்த்தெடுத்து, புதிய இழையை அதே திசையில் அடுக்கி, எபொக்சி பூசிச் சூடாக்குவார்கள். முகத்துவாரத்தில் கண்ணாடி இழை வள்ளம் திருத்தும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கடற்கரையெல்லாம் பைபர் வள்ளம் ஓடும் ஒரு நாட்டில் ரெசின் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லையே என்பது என் எண்ணம். அவர் பிரேமைத் தூக்கிப் பார்த்தார், எடை அவருக்குப் பிடித்துப்போனது. பிறகு திருப்பித் தந்தார்.

“செய்யலாம் பிள்ளை. பார்த்தால் தெரியாத மாதிரி ஒட்டித் தருவன். ஆனா வள்ளத்தில தண்ணி வந்தா இறைக்கலாம். இது போகேக்க விட்டுட்டா என்ன செய்வாய்?”

அவர் காசு வாங்கவில்லை. எனக்குக் கிடைத்த நேர்மையான தொழில்நுட்ப அறிக்கை அதுதான்.

இனி, செலவு யாருடையது என்ற கேள்வி. சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்குமானது. பொருட்சேதம் காப்புறுதி ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வேன்காரரிடம் இருந்தது மிகக் குறைந்த கட்டணத்து ஒப்பந்தம். சைக்கிளுக்கு அதில் இடமில்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். இரண்டு கார்கள் உரசிக்கொண்டால் காப்புறுதிக்காரர் வந்து படமெடுக்கும்வரை இரண்டு பேரும் அசையமாட்டார்கள். பின்னால் வீதியே நின்றாலும் பரவாயில்லை. சைக்கிள் விழுந்தால் படமெடுக்க யாரும் வருவதில்லை. வீதியோரப் பேச்சுத்தான், அதில் சைக்கிளின் விலையைத் தீர்மானிப்பது கூடிநிற்பவர்கள்.

காயம் பட்டிருந்தது, பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கலாம். ஊடகக் கல்வி படித்தவள், விபத்துச் செய்திகள் எழுதியவள், செய்யவில்லை. வேலைநாள் காலை, முழங்கையில் இரத்தம், அவருடைய வேனில் பாடசாலைப் பிள்ளைகளின் பைகள். பதினையாயிரம் ரூபாவுக்கு ஒத்துக்கொண்டேன். அது ஹேண்டிலுக்கும் ஹெல்மெட்டுக்குமே போதவில்லை.

ஆனால் அந்தப் பதினையாயிரமும் எனக்குக் கிடைத்தது நான் எப்படிப் பேசுகிறேன் என்பதால்தான். இதை எனக்குப் புரியவைத்தவர், எங்கள் வீதிக்கு மீன் கொண்டுவரும் ஐயா. விடியுமுன் பேலியகொட மீன் சந்தையில் எடுத்து, சைக்கிளின் பின் பெட்டியில் ஐஸ் போட்டு, களனிப் பாலம் கடந்து கிராண்ட்பாஸ் ஊடாக வருபவர். என் கட்டைப் பார்த்து விசாரித்தார். தன் கதையையும் சொன்னார். போன வருடம் பாலம் இறங்கும் இடத்தில் ஒரு முச்சக்கரவண்டி இடித்து, பெட்டி கவிழ்ந்து, அன்றைய மீன் முழுவதும் வீதியில். மீனின் முதல் பதினோராயிரம், அதுவும் கடன். இடித்தவர் கொடுத்தது ஐந்நூறு ரூபா. சைக்கிளின் முன் போர்க்கைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தி மறுநாளே ஓடினார். இடுப்பு வலி இன்னும் இருக்கிறது.

“உங்கட சைக்கிளை அடிச்சு நிமிர்த்த ஏலாதா மகள்?” என்று கேட்டார்.

ஏலாது என்றேன். அவ்வளவு காசு கொடுத்தும் அடித்து நிமிர்த்த முடியாத ஒன்றை ஏன் வாங்கினேன் என்று அவர் கேட்கவில்லை. முகத்தில் இருந்தது.

கிராண்ட்பாஸ் என்ற பெயரே கடவையைக் குறிப்பது. போர்த்துக்கேயரின் ‘கிராண்டே பாஸோ’, களனி கங்கையைத் தாண்டும் பெரிய துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகுகளைப் பிணைத்து ஒரு பாலம் போட்டார்கள், 1895இல் அந்த இடத்துக்கு விக்டோரியா பாலம் வந்தது. 2021 நவம்பரில் கம்பிவடங்களில் தொங்கும் புதிய களனிப் பாலம், இரவில் விளக்கு அலங்காரத்தோடு. இங்குறுகடைச் சந்தியிலிருந்து துறைமுகத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் ஒரு உயர்மட்ட வீதி. அதிவேக வீதிகளில் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் ஏறவே கூடாது. இருக்கட்டும், அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் மேலே போகிறவர்களுக்கு இவ்வளவு கட்டியவர்கள், கீழே மீன் பெட்டியோடு போகிறவருக்கு மூன்றடி அகலத்தில் ஒரு கோடு கூடப் போடவில்லை.

2022இல் பேசினார்கள். சைக்கிள் பாதை, அலுவலகங்களில் நிறுத்துமிடம், இறக்குமதிச் சலுகை. நானே இரண்டு செய்திகள் எழுதியிருக்கிறேன். பெற்றோல் வந்ததும் பேச்சும் போனது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. அரசாங்கத்துக்கு அந்த வரி வருமானம் தேவை, அது விளங்குகிறது. புதிய கார்கள் எந்த வீதியில் ஓடப்போகின்றன, எங்கே நிற்கப்போகின்றன என்ற கணக்கை மட்டும் காணவில்லை. கிராண்ட்பாஸ் வீதியின் இடது ஓரம் ஏற்கெனவே வாகனத் தரிப்பிடம். அதனால்தான் சைக்கிள்காரர் நடுவுக்கு வர வேண்டியிருக்கிறது, அதனால்தான் கதவு திறக்கும்போது அவர் அங்கே இருக்கிறார். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் சாகும் நாட்டில் இதைச் சாரதிகளின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பேசுவது வசதியானது. வேன்காரரும் அந்தக் காலையில் வேறு எங்கே நிறுத்துவார்?

செய்யக்கூடியவற்றில் பெரும் பணம் தேவைப்படாதவையும் உண்டு. காலை ஐந்தரையிலிருந்து எட்டுவரையாவது பாலத்திலிருந்து ஆமர் வீதிவரை இடது ஓரத்தில் தரிப்பதைத் தடுக்கலாம். அந்த நேரத்தில் அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகும் சைக்கிள்காரர்களும் நடப்பவர்களும். கட்டாயக் காப்புறுதியில் ஒரு சிறு தொகைக்காவது மூன்றாம் தரப்புப் பொருட்சேதத்தைச் சேர்க்கலாம். ஐயாவின் பதினோராயிரம் ரூபா மீனுக்கு அது போதும். என் பிரேமுக்குப் போதாது, போதவும் வேண்டாம்.

பிரேம் இப்போது என் அறைச் சுவரில் தொங்குகிறது. இந்தியாவில் கார்பன் திருத்தும் ஒரு பட்டறைக்குப் படங்கள் அனுப்பியிருக்கிறேன், அனுப்பிவைக்கும் செலவைக் கேட்டபிறகு பதில் எழுதவில்லை. ஹேங்கர் மட்டும் போன கிழமை தபாலில் வந்தது, தீப்பெட்டி அளவு. இரவல் லுமாலாவைத் திரும்ப வாங்கியிருக்கிறேன். நிறுத்திய வாகனங்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளி, வீதியின் நடுவில் ஓடுகிறேன். பின்னால் வரும் பஸ்கள் ஹோர்ன் அடிக்கின்றன.