இரவல் என்ஜினில் பறக்கும் இந்தியாவின் ஆளில்லா விமானங்கள்

புதுதில்லி: அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து கண்காணிப்புப் பணிக்குப் புறப்பட்ட ஆளில்லா விமானம் ஒன்று, 2024 செப்டம்பர் 18-ம் தேதி சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. அமெரிக்காவிடமிருந்து குத்தகைக்கு எடுக்கப்பட்டிருந்த "சீ கார்டியன்" விமானம் அது. நடுவானில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறைச் சரிசெய்ய முடியாததால், பாதுகாப்பான கடற்பகுதிக்குக் கொண்டு சென்று இறக்கியதாகக் கடற்படை விளக்கம் அளித்தது. அதிலிருந்து 27 நாள்கள் கழித்து, அக்டோபர் 15-ம் தேதி, அதே எம்க்யூ-9பி ரகத்தைச் சேர்ந்த 31 விமானங்களை சுமார் ரூ. 32 ஆயிரம் கோடியில் வாங்குவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒரு விபத்தை வைத்து ஒரு ரகத்தையே குறை சொல்வது நியாயம் ஆகாது. ஆனால், இவ்வளவு பெரும் தொகை செலவாகும் நிலையில், ஆளில்லா விமானங்களின் நம்பகத்தன்மையை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றால், அது பெரும்பாலும் என்ஜினில் போய் நிற்கிறது.

என்ஜினே முதல் காரணம்: அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2003-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அன்றைய கணக்குப்படி, ஒரு லட்சம் மணி நேரப் பறப்புக்கு "பிரிடேட்டர்" விமானங்களில் ஏறத்தாழ 32 விபத்துகளும், "ஹன்டர்" விமானங்களில் ஏறத்தாழ 55 விபத்துகளும் நேர்ந்தன. விமானி ஓட்டும் எஃப்-16 போர் விமானத்தில் இந்த எண்ணிக்கை சுமார் 3 மட்டுமே. கோளாறுகளை வகைப்படுத்தியபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை என்ஜின் மற்றும் உந்துவிசை சார்ந்தவை எனத் தெரிய வந்தது. பறப்புக் கட்டுப்பாட்டுக் கோளாறுகள் அடுத்த இடத்தைப் பிடித்தன. பரவலாக அஞ்சப்படும் தகவல் தொடர்புத் துண்டிப்பின் பங்கு இவ்விரண்டையும்விட மிகக் குறைவு.

இதற்குக் காரணம் உண்டு. "பிரிடேட்டர்", இஸ்ரேலின் "ஹெரான்" போன்ற விமானங்களில் பொருத்தப்பட்ட ஆஸ்திரியத் தயாரிப்பான "ரோடாக்ஸ் 914" என்ஜின், பொழுதுபோக்குக்காகப் பறக்கும் சிறிய விமானங்களில் பயன்படும் வகையைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர்களும் டர்போசார்ஜரும் கொண்ட இதன் உச்சத் திறன் 115 குதிரைத் திறன். சிக்கனமானது, எடை குறைவானது. ஆனால், ராணுவம் அதனிடம் கேட்பது வேறு. நாள் கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும். உயரே செல்லச் செல்ல காற்று மெலிகிறது. 30 ஆயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சும். அங்கே என்ஜின் மூச்சுத் திணறுகிறது; வெப்பத்தை வெளியேற்றப் போதிய காற்றும் இல்லை. என்ஜினின் சத்தம் மாறுவதையோ, அதிர்வு கூடுவதையோ உடனே உணர்ந்து செயல்பட விமானியும் இல்லை. பல ரகங்களில் இருப்பது ஒரே என்ஜின். அது நின்றால் மாற்று வழி கிடையாது.

நம்பகத்தன்மை வளர்ந்தது எப்படி?: அமெரிக்காவில் பின்னர் விபத்து விகிதம் வெகுவாகக் குறைந்தது. "பிரிடேட்டர்" விமானங்களுக்கு 2018-ல் அமெரிக்க விமானப்படை ஓய்வு கொடுத்தது. அவற்றின் இடத்துக்கு வந்த எம்க்யூ-9 வகை விமானங்களை இயக்குவது ஹனிவெல் நிறுவனத்தின் "டிபிஇ331" டர்போபிராப் என்ஜின். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1960-களிலிருந்து பயணிகள் விமானங்களில் உழைத்துத் தேறிய குடும்பம். கான்பூரில் எச்.ஏ.எல். தயாரிக்கும் டோர்னியர்-228 விமானத்தில் இருப்பதும் இதே குடும்பத்து என்ஜின்தான். பல லட்சம் மணி நேரம் ஓடி, ஒவ்வொரு பழுதும் பதிவாகி, திருத்தப்பட்ட என்ஜின் என்பதே அதன் பலம்.

இந்தியாவின் அனுபவம்: பெங்களூரில் உள்ள வானூர்தி மேம்பாட்டு அமைப்பு உருவாக்கிய "நிஷாந்த்" விமானங்கள் நான்கு, 2011-ல் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 2015 நவம்பருக்குள் நான்குமே விபத்துக்குள்ளாகி அழிந்தன. மேற்கொண்டு வாங்கும் எண்ணத்தை ராணுவம் கைவிட்டது. ஒசூரில் 2009 நவம்பரில் நடந்த "ரஸ்டம்-1" முதல் சோதனை வேறொரு பாடத்தைத் தந்தது. விமானத்தின் உயரம் தவறாகக் கணிக்கப்பட்டு, தரையிலிருந்தே என்ஜினை நிறுத்தக் கட்டளை அனுப்பப்பட்டதால் அது வீழ்ந்தது. அங்கே பழுதானது என்ஜின் அல்ல, கணிப்பு. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே ஒசூரில் சோதனை வெற்றி பெற்றது.

பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட "தபஸ்" திட்டத்துக்கு 2011-ல் ரூ. 1,540 கோடி ஒதுக்கப்பட்டது. 30 ஆயிரம் அடி உயரத்தில் 24 மணி நேரம் பறக்க வேண்டும் என்பது முப்படைகளின் தேவை. சோதனைகளில் எட்டியது 28 ஆயிரம் அடியும், 18 மணி நேரமும். விமானத்தின் எடை திட்டமிட்ட அளவைவிடக் கூடியது. கூடிய எடைக்கு ஏற்ற உந்துவிசை கிடைக்கவில்லை. 2019-லும் 2023-லும் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் இரு விமானங்கள் விழுந்தன. 2024 தொடக்கத்தில், முன்னுரிமைத் திட்டம் என்ற தகுதியை "தபஸ்" இழந்தது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. "தபஸ்" விமானத்துக்கு முதலில் ரஷிய என்ஜினும், பின்னர் ஆஸ்திரியாவின் "ஆஸ்ட்ரோ" நிறுவன என்ஜினும் தேர்வாயின. அந்த ஆஸ்திரிய நிறுவனம் 2017 இறுதியில் சீனாவின் வான்ஃபெங் குழுமத்தின் வசம் சென்றது. சீன எல்லையைக் கண்காணிக்க உருவான விமானத்தின் இதயம், சீன உரிமையாளரின் ஆலையிலிருந்து வர வேண்டிய நிலை!

தணிக்கை சொன்ன உண்மை: என்ஜின் கொள்முதலிலும் விழிப்பு போதவில்லை என்பதை 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை காட்டியது. 2010-ல் விமானப்படை ஐந்து "ரோடாக்ஸ்" என்ஜின்களைத் தலா ரூ. 87.45 லட்சத்துக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் அதே என்ஜினை ரூ. 24.30 லட்சத்துக்கு வாங்கியது. விமானப்படை கூடுதலாகக் கொடுத்த தொகை ரூ. 3.16 கோடி என்று தணிக்கை அதிகாரி கணக்கிட்டார். சான்று பெறாத ரக என்ஜின்கள், சான்று பெற்ற ரகத்தின் பெயரில் வழங்கப்பட்டதாகவும் அவ்வறிக்கை குறிப்பிட்டது. பணம் போனதைவிடக் கவலைக்குரியது இது. என்ஜினைத் திறந்து பார்த்து, அது எது என்று சொல்லக்கூடிய திறன் வாங்குபவரிடம் இல்லாவிட்டால், விற்பவர் ஒட்டிய முத்திரையே இறுதிச் சான்றாகிவிடுகிறது.

கதவு அடைபட்டால்?: 2020-ல் நாகோர்னோ-காராபாக் போரில் துருக்கியின் "பைரக்தார்" ஆளில்லா விமானங்கள் பெரும் பங்கு வகித்தன. அவற்றில் "ரோடாக்ஸ்" என்ஜின் இருப்பது வெளிப்பட்டதும், அந்நிறுவனத்தின் கனடிய உரிமையாளரான பி.ஆர்.பி., பயன்பாடு தெளிவாக இல்லாத நாடுகளுக்கு விமான என்ஜின் வழங்குவதை நிறுத்துவதாக அறிவித்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே விநியோகக் கதவு மூடப்பட்டது. அதே குடும்பத்து என்ஜின்களையே நம்பியுள்ள "ஹெரான்" விமானங்களை இமயமலை எல்லையில் பறக்கவிடும் இந்தியாவுக்கும் இது எச்சரிக்கை.

என்ஜின் செய்யும் அறிவு இந்தியாவில் இல்லாமல் இல்லை. "லக்ஷ்யா" இலக்கு விமானத்துக்கு எச்.ஏ.எல். சொந்தமாக ஜெட் என்ஜின் வடிவமைத்தது. "நிஷாந்த்" விமானத்துக்காக மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து உருவாக்கிய 55 குதிரைத் திறன் வாங்கல் என்ஜின், 2009-ல் கோலார் விமானத் தளத்தில் பறந்து காட்டியது. குறை, தொடர்ச்சியில் இருக்கிறது. விமானத் திட்டம் நின்றால் என்ஜினும் அநாதையாகிறது. எண்ணிக்கையில் நான்கு, பத்து என்று வாங்கினால் எந்த ஆலையும் உற்பத்தி வரிசை அமைக்காது. ஓடிய மணி நேரம் சேராத என்ஜின் நம்பிக்கையைப் பெறாது. நம்பிக்கை பெறாததை எந்தப் படையும் கேட்காது. இந்த வட்டத்தை உடைக்க அரசு ஒன்றினால்தான் முடியும்.

அடுத்த வாய்ப்பு: நடுத்தர உயரத்தில் நீண்ட நேரம் பறக்கும் ஆளில்லா விமானங்களை முப்படைகளுக்கும் வாங்க, பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் கவுன்சில் 2025 ஆகஸ்டில் கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது. உள்நாட்டு உதிரிபாகங்களின் விகிதம் இதில் முக்கிய நிபந்தனையாகப் பேசப்படுகிறது. உடற்பகுதியும் சக்கரமும் வயரிங்கும் சேர்ந்து அந்த விகிதத்தை எளிதில் நிரப்பிவிடும். என்ஜின் மட்டும் வெளிநாட்டுப் பெட்டியில் வந்து இறங்கும். என்ஜினைத் தனி இனமாகக் கணக்கிட்டு, சில ஆண்டுகளுக்குள் உள்நாட்டு என்ஜினுக்கு மாறும் காலக்கெடுவை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால், தற்சார்பு என்பது எண் விளையாட்டாக முடியும்.

மற்றொன்று, விபத்துக் கணக்கு. ஆளில்லா விமானம் விழுந்தால் உயிர்ச்சேதம் இல்லை என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. 2017-ல் சிக்கிம் எல்லையில் கட்டுப்பாட்டை இழந்த இந்திய ஆளில்லா விமானம் சீனப் பகுதிக்குள் விழுந்து, தூதரக அளவில் கண்டனத்துக்கு இடம் தந்தது. டோக்லாம் பதற்றம் தணிந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. பழுது ஒரு படைப்பிரிவின் உள்விவகாரமாக மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதற்கு அதுவே சான்று. ஒரு லட்சம் மணி நேரத்துக்கு எத்தனை விபத்து, அவற்றில் என்ஜின் கோளாறு எத்தனை என்ற விவரத்தை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைப்பதால் எந்த ராணுவ ரகசியமும் கசிந்துவிடாது. ரூ. 32 ஆயிரம் கோடி கொடுக்கும் மக்களுக்கு அந்த இரண்டு எண்களைக் கேட்கும் உரிமை உண்டு.