விட்டிலுக்குப் பெயர் உண்டா?

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஓரிரவு, விறாந்தை விளக்கின் அருகே வெள்ளைச் சுவரில் ஒரு பூச்சி வந்து அமர்ந்திருந்தது. ஏறக்குறைய என் உள்ளங்கை அகலம். இலைப்பச்சையும் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்து, சலவைக்கல்லில் ஓடும் வரிகளைப் போல அதன் சிறகெங்கும் நெளிந்திருந்தன. "அம்மப்பா, இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டாள் என் பேத்தி. "விட்டில்" என்றேன். அவள் விடுவதாயில்லை. சற்றுத் தள்ளி ஒட்டியிருந்த, அரிசியளவேயான சாம்பல்நிறப் பூச்சியைக் காட்டி, "அப்ப இது?" என்றாள். "அதுவும் விட்டில்தான்."

முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். பருந்தையும் சிட்டுக்குருவியையும் ஒரே பெயரால் அழைக்கும் மாணாக்கனுக்கு எத்தனை புள்ளி இட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அன்றிரவு உறக்கம் வர நேரமாயிற்று.

மறுநாள் அயல்வீட்டு மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் அதைப் படம்பிடித்து, ஐநேச்சுரலிஸ்ட் என்னும் செயலியிற் பார்த்துப் பெயர் சொன்னான்: டாப்னிஸ் நேரியை. சுவீடன் தேசத்து லின்னேயசு 1758ஆம் ஆண்டில் விவரித்துப் பெயரிட்ட பூச்சி அது. 'நேரியம்' என்பது அலரிக்குரிய இலத்தீன் பெயர். அலரியின் நச்சிலையையே உண்டு வளர்வது இதன் புழு. நம்மூர் நந்தியாவட்டையையும் விரும்பி உண்ணும். தலைப்புறத்தே இரு நீலக் கண்கள் போன்ற புள்ளிகளும் வாலிற் சிறு கொம்பும் கொண்ட பச்சைப் புழு என்று அவன் படித்துக் காட்டியபோது எனக்குச் சுருக்கென்றது. கோயில் நந்தவனத்துச் சிரமதானத்தின்போது அலரிச் செடிகளிலிருந்து அப்புழுக்களைப் பொறுக்கி மிதித்துக் கொல்லும்படி மாணாக்கருக்கு ஆணையிட்டவன் நானே. ஓராண்டல்ல, பல ஆண்டுகள்.

மத்தியதரைக் கடலோரத்துத் தோட்டங்களிலும் அலரி செழித்து வளர்கிறது. கோடைதோறும் இதே பூச்சி ஆபிரிக்காவிலிருந்து கடல் கடந்து தென் ஐரோப்பாவுக்குப் பறந்து செல்கிறது. வளவில் அதைக் காணும் தோட்டக்காரர் நாளும் இடமும் குறித்துப் படத்தோடு பதிந்துவைக்கிறார்கள். அவர்களுக்கு விருந்தாளியாக வரும் அது, நமக்குக் கூடவே குடியிருப்பது. அதனாற்போலும் நாம் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

இதற்கு நம் இலக்கியப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் துணிபு. விட்டில் என்றால் விளக்கு. விளக்கு என்றால் வீழ்ச்சி. ஆசையால் அழிவோருக்கு உவமை தேவைப்படும்போதெல்லாம் புலவர்கள் இப்பூச்சியைத் தீயில் தள்ளினார்கள். மேடைப் பேச்சாளர்கள் இன்றும் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அதற்கு விளக்கின்மேல் ஆசை உண்டென்று யார் கண்டது? 2024இல் வெளியான ஆராய்ச்சியொன்று, அதிவேகக் கமராக்களாற் படமெடுத்து வேறொரு விளக்கம் தந்தது. இரவிற் பறக்கும் பூச்சி, ஒளி மிகுந்த பக்கம் வானம் என்று கொண்டு அப்பக்கம் முதுகைத் திருப்பிப் பறக்குமாம். விளக்கருகே வந்ததும் முதுகு விளக்கை நோக்கிச் சாய்கிறது, சாய்ந்தபடியே சுற்றுகிறது, விலக முடியவில்லை. அதன் துன்பம் திசைமயக்கம், மோகம் அன்று. உவமையைக் கைவிடுமாறு நான் கேட்கவில்லை. உவமை தெரிந்தவுடன் பூச்சியும் தெரிந்துவிட்டதென்று எண்ணுவதைத்தான் கைவிடச் சொல்கிறேன்.

சொல்லிலும் குழப்பம் உண்டு. விட்டில் என்பது வெட்டுக்கிளியையும் குறிக்கும் என்று அகராதி சொல்லும். தமிழகத்துப் பாடநூல்கள் 'அந்துப்பூச்சி' என்கின்றன. அந்து என்பது தானியத்தை அரிக்கும் சிறு பூச்சி. நெற்குதிருக்குள் நொறுங்கிய மாவிடையே உழலும் அதன் பெயரை, அலரியில் வளர்ந்த அந்த அழகுக்குச் சூட்ட என் மனம் ஒப்பவில்லை. உலகில் இவ்வினத்துப் பூச்சிகள் ஒரு லட்சத்து அறுபதினாயிரம் அளவில் அறியப்பட்டுள்ளன. வண்ணத்துப்பூச்சிகளோ அவற்றில் ஒன்பதிலொரு பங்குதான். சிறுபான்மைக்கு வண்ணமான பெயர் தந்துவிட்டுப் பெரும்பான்மையை அந்து என்று ஒதுக்குவது என்ன முறையோ!

கலைச்சொல்லாக்கக் குழு ஒன்று அமைத்தாற் போதும் என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873 வரை இங்கு பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்து, அதற்குரிய நூல்களையும் சொற்களையும் ஆக்குவித்தார். அவர் சொற்கள் நின்றனவோ இல்லையோ, நோயாளியின் அருகே நின்று பிறந்தவை அவை. பூச்சியின் பெயரும் செடியின் அருகே நின்றுதான் பிறக்க வேண்டும். ஆங்கிலப் பெயரைப் பெயர்த்து வைப்பதால் மட்டும் யாருக்கும் கண் திறவாது.

முருங்கை மரத்தில் மொய்க்கும் மயிர்க்கொட்டியை யாழ்ப்பாணத்தில் அறியாதார் யார்? பந்தம் கொளுத்திப் பொசுக்குவோம். அதுவே பின்னர் மஞ்சள்தோய்ந்த பூச்சியாகி நம் விளக்கடிக்கு வரும்போது அடையாளம் தெரியாது. எள்ளுக் காட்டிற் பருத்த புழுவைக் காணும் கமக்காரர், முதுகில் மண்டையோட்டு உருவத்துடன் தேன்கூட்டுக்குட் புகுந்து தேன் குடிக்கும் பெரும் பூச்சி அதுதான் என்று எண்ணுவதில்லை. புழுவையும் சிறகையும் இணைத்துப் பார்ப்பதிலேதான் இக்கல்வி தொடங்குகிறது.

அவ்வாறு பார்த்தவர்கள் இத்தீவில் இருந்தார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்சு ஊக்குவிக்க, டி அல்விஸ் குடும்பத்துச் சிங்கள ஓவியர்கள் பூச்சியையும் அதன் புழுவையும் அது உண்ணும் செடியையும் தீட்டினர். அச்சித்திரங்களைத் துணைக்கொண்டே பிரடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் பற்றி மூன்று பெருந்தொகுதிகளை இலண்டனில் வெளியிட்டார். பெயர்கள் இலத்தீனில், கண்கள் இந்நாட்டினுடையவை.

நம் பாடசாலைகளுக்கு வேண்டுவது அதிகமன்று: ஒரு வெள்ளைத்துணி, ஒரு விளக்கு, ஒரு கொப்பி. வந்தமர்ந்த பூச்சி சிறகைக் கூரைபோற் சாய்த்ததா, பரப்பியதா, உணர்கொம்பு நூல் போன்றதா, இறகு போன்றதா, எந்த மாதம், வேலியில் நிற்பது பூவரசா, கிளுவையா என்று எழுதட்டும். புழு கிடைத்தால் அது இருந்த செடியின் இலையையே இட்டுப் போத்தலில் வளர்க்கட்டும். செயலி சொல்லும் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்; ஆனால் அதுவும் தவறும். சிறிய பூச்சிகள் பலவற்றை அறுத்துப் பாராமல் நிபுணராலும் பிரித்தறிய இயலாது.

இதனால் என்ன பயன் என்று கேட்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் வளவிற் பப்பாசி காய்த்துத் தள்ளுகிறது. அந்தியில் அப்பூக்களை நாடி மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் இந்தப் பெருவிட்டிலின் இனத்தவை என்று சொன்னேன். அவர் மகளின் கூறைச்சேலையும் ஒரு விட்டிற்புழு நூற்றதுதான் என்பதைச் சொல்லாமல் விட்டேன், நாகரிகம் கருதி.

நந்தவனத்தில் அலரியின் ஒரு கிளையையேனும் புழுக்களுக்கு விட்டுவைக்கும்படி கோயிலிற் கேட்டிருக்கிறேன். பேத்தியின் போத்தலில் உள்ள புழு நேற்றுப் பச்சை மாறிக் கபிலநிறமாகிவிட்டது. கூட்டுப்புழுவாகும் காலம் போலும். கொப்பியின் முதற்பக்கத்தில் அவள் 'அலரி விட்டில்' என்று எழுதியிருக்கிறாள். இரண்டாம் பக்கத்தில், அந்த அரிசியளவுப் பூச்சியின் படத்துக்குக் கீழே, இடம் இன்னும் வெறுமையாய் இருக்கிறது.