காற்றை எடை போட்ட கணக்கு

சென்ற மாதம் ஒரு மில்லின் வாயிற்கூட்டம் முடிந்து சங்க ஆபீஸுக்குத் திரும்பினேன். ஸ்பின்னிங் பகுதித் தோழர் ஒருவர் ஒரு பெரிய கம்பெனியின் வருஷக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வந்து என் முன் வைத்தார். "தோழர், கட்டடம்னு ஒரு வரி, மெஷின்னு ஒரு வரி, சரக்கு இருப்புன்னு ஒரு வரி, இதெல்லாம் புரியுது. அதுக்குக் கீழே 'குட்வில்'னு போட்டு இத்தனை கோடின்னு எழுதியிருக்கானே, அது எந்தக் குடோன்ல இருக்கு?" என்று கேட்டார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு வருவது இயற்கைதான். ஆனால் அந்தத் தோழர் கேட்ட கேள்வியைப் பிரிட்டனில் யாராவது உரிய காலத்தில் அழுத்திக் கேட்டிருந்தால், ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையையும் பென்ஷனையும் பறிகொடுத்து நின்றிருக்க மாட்டார்கள். ஆகவே இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியது அவசியம்.

ஒரு டீக்கடைக் கணக்கு

'குட்வில்' என்பதைத் தமிழில் நற்பெயர் என்கிறார்கள். அது என்ன?

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. பாய்லர், அடுப்பு, பெஞ்சு, டம்ளர் எல்லாவற்றையும் விற்றால் 40,000 ரூபாய் தேறும். ஆனால் விடிகாலை ஐந்து மணிக்கே அங்கே கூட்டம் கூடுகிறது. அந்த வியாபாரத்தை எண்ணி ஒருவர் 1,00,000 ரூபாய் கொடுத்துக் கடையை வாங்குகிறார். சாமான்களின் விலைக்கு மேல் அவர் கொடுத்த 60,000 ரூபாய்தான் நற்பெயர். இதுவரை தவறு எதுவும் இல்லை. கூட்டத்துக்கும் ஒரு விலை உண்டு.

அடுத்த வருஷம் பஸ் நிறுத்தம் வேறு தெருவுக்குப் போய்விடுகிறது. கடையில் ஈ ஓட்டுகிறார்கள். ஆனால் கடைக்காரர் நோட்டில் மட்டும் "என் சொத்து 1,00,000" என்றே எழுதி வருகிறார். அந்த நோட்டைக் காட்டிக் கடன் வாங்குகிறார். கடன் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை "லாபம்" என்று கூட்டாளிகளுக்குப் பங்கிடுகிறார். பத்து வருஷமாக டீ மாஸ்டர் அவரிடம் சேர்த்து வைத்த பணத்தைக் கேட்டால், "பொறப்பா, கடை நல்லாத்தானே இருக்கு" என்கிறார். ஒரு நாள் கடன்காரன் பூட்டுப் போடுகிறான். அன்றுதான் ஊருக்குத் தெரிகிறது, அந்த 60,000 ரூபாய் என்றைக்கோ காற்றில் போய்விட்டது என்று.

டீக்கடையில் இது நடந்தால் ஊர் அதற்கு ஒரு பெயர் வைக்கும். கோடிக்கணக்கில் நடந்தால் அதற்குக் கணக்கு விதியே துணை நிற்கிறது.

தேயும் இயந்திரமும் தேயாத நற்பெயரும்

மில் தொழிலாளிக்குத் தேய்மானம் தெரியும். புது இயந்திரம் வாங்கினால் அதன் விலையை வருஷா வருஷம் லாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறார்கள். போனஸ் பேச்சு வார்த்தையில் முதலாளி முதலில் நீட்டுகிற காகிதமும் அதுதான்.

நற்பெயரையும் ஒரு காலத்தில் அப்படித்தான் கழித்தார்கள். அமெரிக்காவில் 40 வருஷத்துக்கு மிகாமல் கழிக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2001-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். 2004-இல் சர்வதேசக் கணக்கு விதியும் அதே வழியில் மாறியது. பிரிட்டனில் பங்குச் சந்தையில் இடம் பெற்ற கம்பெனிகள் 2005 முதல் அந்தப் புது விதிக்கு வந்தன. புது விதி சொல்வது இதுதான்: நற்பெயரை வருஷா வருஷம் கழிக்க வேண்டாம், வருஷத்துக்கு ஒரு முறை அதன் மதிப்பு குறைந்துவிட்டதா என்று சோதித்தால் போதும், குறைந்திருந்தால் மட்டும் நஷ்டம் எழுதலாம். இதற்கு மதிப்பிழப்புச் சோதனை என்று பெயர்.

சோதிப்பது யார்? கம்பெனி நிர்வாகமேதான். எப்படிச் சோதிக்கிறார்கள்? வாங்கிய தொழில் இனி வரும் வருஷங்களில் எவ்வளவு சம்பாதிக்கும் என்று நிர்வாகம் ஊகிக்கிறது. அந்த வருங்கால வருமானத்துக்கு வட்டி கழித்து, இன்றைய மதிப்பு இவ்வளவு என்கிறது. வளர்ச்சி வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால், வட்டியைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால், நற்பெயர் பத்திரமாக இருக்கிறது என்று காகிதத்தில் நிரூபித்துவிடலாம்.

விவசாயத் தொழிலாளருக்கு இது புதிதல்ல. களத்து மேட்டில் மரக்காலும் மிராசுதார் கையில், அளப்பவனும் மிராசுதார் ஆள் என்றால் கூலி நெல் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இங்கேயோ விளைந்த நெல்லைக்கூட அளக்கவில்லை. இன்னும் பல வருஷங்களுக்கு விளையப் போகிற நெல்லை நிர்வாகமே அளந்து சொல்கிறது. ஆடிட்டர் தலையாட்டுகிறார்.

காரிலியன் கதை

பிரிட்டனில் காரிலியன் என்று ஒரு பெரிய கட்டட நிர்மாணக் கம்பெனி இருந்தது. ஆஸ்பத்திரி கட்டுவது, சாலை போடுவது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது, சிறைச்சாலைகளைப் பராமரிப்பது என்று சர்க்கார் காண்டிராக்ட்டுகளை எடுத்து நடத்திய கம்பெனி. உலகம் முழுவதும் 43,000 பேர் அதில் வேலை செய்தார்கள்.

இது வளர்ந்தது பிற கம்பெனிகளை விழுங்கித்தான். 2006-இல் மௌலம், 2008-இல் ஆல்பிரட் மெக்ஆல்பைன், 2011-இல் ஈகா. மூன்றையும் வாங்கியதில் கணக்கில் ஏறிய நற்பெயர் முறையே 43 கோடி 10 லட்சம், 61 கோடி 50 லட்சம், 32 கோடி 90 லட்சம் பவுண்டு.

ஈகாவைக் கொஞ்சம் கவனியுங்கள். வீடுகளில் குளிர் புகாமல் தடுக்கும் வேலையைச் சர்க்கார் மானியத்தைக் கொண்டு நடத்திய கம்பெனி அது. காரிலியன் அதற்குக் கொடுத்த விலை சுமார் 30 கோடி பவுண்டு. நற்பெயரோ விலையைவிட அதிகம்! இதற்கு அர்த்தம் என்ன? ஈகாவின் சொத்துகளைவிடக் கடன்கள் அதிகம். கொடுத்த விலை முழுவதும், அதற்கு மேலும், வெறும் எதிர்பார்ப்புக்கே போனது என்பதுதான். வாங்கிய சில மாதங்களிலேயே சர்க்கார் மானியத்தை வெட்டியது. நமது டீக்கடையின் பஸ் நிறுத்தம் நகர்ந்துவிட்டது. வாங்கியதற்குப் பிந்திய ஐந்து வருஷங்களில் ஈகா தொழிலில் வந்த நஷ்டம் மொத்தம் 26 கோடி பவுண்டு. ஆனால் அதன் நற்பெயரிலிருந்து காரிலியன் ஒரு பவுண்டுகூடக் கழிக்கவில்லை. 2016 கணக்கிலும் அது முழுசாகவே நின்றது.

2016 முடிவில் காரிலியனின் மொத்த நற்பெயர் 157 கோடி பவுண்டு. கடன்கள் போகக் கம்பெனியின் நிகரச் சொத்து என்று காட்டியதோ சுமார் 73 கோடி. நற்பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள்: கம்பெனி 84 கோடி பவுண்டு பள்ளத்தில் இருந்தது. அந்த வருஷத்துக்குப் பங்குதாரர்களுக்கு அறிவித்த டிவிடெண்டு 7 கோடி 90 லட்சம் பவுண்டு. தலைமை நிர்வாகி பெற்ற ஊதியம் 15 லட்சம் பவுண்டு. பென்ஷன் நிதியில் விழுந்த பள்ளத்தை நிரப்பக் கூடுதல் பணம் வேண்டுமென்று அதன் பொறுப்பாளர்கள் வற்புறுத்தியபோது மட்டும் கம்பெனியின் கை இறுகியது.

2017 ஜூனில் டிவிடெண்டில் 5 கோடி 50 லட்சம் பவுண்டைக் கொடுத்து முடித்தார்கள். ஜூலையில், காண்டிராக்ட்டுகளில் 84 கோடி 50 லட்சம் பவுண்டு வராது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில்தான், முதல் தடவையாக, நற்பெயரில் 13 கோடி 40 லட்சத்தை நஷ்டமாக எழுதினார்கள். 2018 ஜனவரி 15-இல் கம்பெனி திவாலாயிற்று. கையில் மிஞ்சிய ரொக்கம் 2 கோடி 90 லட்சம் பவுண்டு. கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 700 கோடி.

யார் தலையில் விழுந்தது? பிரிட்டனில் 2,700-க்கும் அதிகமான தொழிலாளர்கள் வேலை இழந்தனர். பென்ஷன் திட்டங்களில் சேர்ந்திருந்த 27,000 பேர் பாதுகாப்பு நிதியின் கைக்கு மாற்றப்பட்டனர். அந்த நிதியின் விதிப்படி ஓய்வு வயதை எட்டாதவர்களுக்குக் கிடைப்பது சேர்ந்த பென்ஷனில் 90 சதவிகிதம். கம்பெனியை நம்பிச் சாமான் கொடுத்தும் துணைக் காண்டிராக்ட் எடுத்தும் இருந்த சுமார் 30,000 ஸ்தாபனங்களுக்கு 200 கோடி பவுண்டு பாக்கி நின்றது. லிவர்பூலில் பாதியில் நின்ற ஆஸ்பத்திரி 2022-இல்தான் திறந்தது. பர்மிங்ஹாம் அருகே நின்ற இன்னொன்று 2024-இல்தான் திறந்தது. நோயாளிகள் காத்திருந்தார்கள்.

ஆடிட்டர்கள்? கம்பெனி பிறந்த நாள் முதல் 19 வருஷமாகக் கேபிஎம்ஜி என்ற ஒரே ஸ்தாபனம்தான் தணிக்கை செய்தது. அதற்காக வாங்கிய கூலி 2 கோடி 90 லட்சம் பவுண்டு. கம்பெனி சாகும்போது கையில் மிஞ்சிய ரொக்கமும் அதே தொகை! 2023-இல் தணிக்கைக் குறைபாடுகளுக்காக அந்த ஸ்தாபனத்துக்கு 2 கோடி 10 லட்சம் அபராதம் விதித்தார்கள். கூலியைவிட அபராதம் குறைவு.

காரிலியன் வீழ்ந்ததற்கு நற்பெயர் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. நஷ்டக் காண்டிராக்ட்டுகளும் கடனும் அதைத் தின்றன. ஆனால் தின்றுகொண்டிருந்ததை வருஷக்கணக்கில் மறைத்து நின்ற திரைகளில் பெரிய திரை இதுதான்.

அவர்கள் சொல்லும் சமாதானம்

கணக்கு நிபுணர்கள் இரண்டு சமாதானங்கள் சொல்வார்கள். முதலாவது: "நற்பெயர் இயந்திரம் போல் ஒழுங்காகத் தேய்வதில்லை, இத்தனை வருஷம் என்று நாமாக வைப்பது வெறும் ஊகம்." வாஸ்தவம். ஆனால் இப்போதைய சோதனையும் ஊகம்தானே! ஒரு ஊகம், லாபத்தைப் பங்கிடும் கையை அடக்குகிறது. இன்னொரு ஊகம் அந்தக் கையை அவிழ்த்துவிடுகிறது. எந்த ஊகத்தை உழைப்பவன் விரும்புவான்?

இரண்டாவது: "நற்பெயரை நஷ்டமாக எழுதும் நாளில் ஒரு பைசாவும் கையை விட்டுப் போவதில்லை, இது காகித நஷ்டம்." ஆம், அன்று போவதில்லை. கம்பெனியை வாங்கிய அன்றே பணம் போய்விட்டது. அது போகவில்லை என்று காகிதத்தில் காட்டிய வருஷங்களில், டிவிடெண்டாகவும் நிர்வாகிகளின் போனஸாகவும் மெய்யான பணம் வெளியேறியது. காகிதச் சொத்தைக் காட்டி ரொக்கத்தை எடுத்தார்கள் என்பதே நமது குற்றச்சாட்டு.

இது ஒரு கம்பெனியின் கதையுமல்ல. அமெரிக்காவில் கிராஃப்ட், ஹைன்ஸ் என்ற இரு உணவுக் கம்பெனிகள் 2015-இல் ஒன்றாயின. அந்த வருஷமே வடஅமெரிக்காவில் ஏழு ஆலைகளை மூடி 2,600 பேரை வெளியேற்றுவதாக அறிவித்தார்கள். சிக்கனம் என்றார்கள். 2019 பிப்ரவரியில் நற்பெயரிலும் பிராண்டுப் பெயர்களின் மதிப்பிலும் 1,540 கோடி டாலர் போயிற்று என்று எழுதினார்கள். தொழிலாளியின் கணக்கை முதல் வருஷமே தீர்த்தவர்களுக்குத் தங்கள் கணக்கைத் திருத்த நாலு வருஷம் பிடித்தது.

நமது நாட்டில் நடந்ததும் தெரிந்துகொள்ளத் தக்கது. நற்பெயருக்கும் வருமான வரியில் தேய்மானம் உண்டு என்று 2012-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2021-இல் பார்லிமெண்ட் நிதிச் சட்டத்தின் மூலம் அதை நிறுத்தும் வரை கம்பெனிகள் அந்தச் சலுகையைக் கோர முடிந்தது. புதிய கணக்கு விதியைப் பின்பற்றிய பெரிய கம்பெனிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். பங்குதாரருக்குக் காட்டும் ஏட்டில் நற்பெயர் தேய்வதில்லை. சர்க்காருக்கு வரி கட்டும் ஏட்டில் அதே நற்பெயர் தேய்கிறது!

என்ன வேண்டும்?

சர்வதேசக் கணக்கு விதிகளை வகுக்கும் மன்றம் பழைய முறைக்குத் திரும்புவதா என்று ஆலோசித்து, திரும்புவதில்லை என்று 2022-இல் முடிவு செய்தது. நாம் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நமது கோரிக்கைகள் எளிமையானவை. நற்பெயரைக் குறிப்பிட்ட வருஷங்களுக்குள் லாபத்திலிருந்து கழித்தே தீர வேண்டும். நற்பெயரை நீக்கினால் பள்ளத்தில் நிற்கும் கம்பெனி, தொழிலாளரின் ஓய்வுக்கால நிதியை நிரப்பும் வரை டிவிடெண்டு கொடுக்கக்கூடாது. சோதனையில் போட்ட வளர்ச்சியும் வட்டியும் என்ன, அவை பிறகு பலித்தனவா என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகளின் முன் வைக்க வேண்டும்.

அதுவரை சங்கத் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கியிருந்தால், வருஷக் கணக்கில் நற்பெயர் என்ற வரியைத் தேடுங்கள். நிகரச் சொத்திலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சம் என்ன என்று பாருங்கள். பிறகு டிவிடெண்டு எவ்வளவு, உங்கள் கிராஜுவிட்டிக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று பாருங்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்; இதற்குப் பட்டம் தேவையில்லை. நானே பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன்தான்.

அது எந்தக் குடோனில் இருக்கிறது என்று கேட்ட ஸ்பின்னிங் தோழருக்கு என் பதில்: எந்தக் குடோனிலும் இல்லை, தோழரே. அது நிர்வாகத்தின் ஊகத்தில் இருக்கிறது. அடுத்த பேச்சு வார்த்தையில் அதே கேள்வியை நிர்வாகத்திடமே கேளுங்கள். அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.