ஓடினால் மட்டும் போதுமா?

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பது ஒரு தனிப் பித்து. நம்மில் சிலர் பாட்டி காலத்து வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்துக்கொள்வதில்லையா? அந்த மாதிரிதான். என்ன, வெண்கலப் பானை மணிக்கு 100 மைல் வேகத்தில் ஓடாது!

இந்தப் பித்தர்களின் செல்லப் பிள்ளை எம்.ஜி.பி. என்னும் வண்டி. ஆபிங்டன் என்ற ஊரில் 1962-ல் உற்பத்தியாக ஆரம்பித்து 1980-ல் நின்றுபோயிற்று. அதற்குள் 5 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளிவிட்டார்கள். திறந்த மாடலில் இரண்டே ஆசனங்கள். ஒன்றில் ஓட்டுகிறவர், மற்றொன்றில் அவரை நம்பி உட்காருகிறவர். இந்த வாரம் நான் எழுதுவது முக்கியமாக அந்த இரண்டாம் ஆசனக்காரருக்காக.

எம்.ஜி.பி.யில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக். கடைசி வண்டி வரையில் இப்படியேதான். இதைப் பார்த்ததும் சொந்தக்காரருக்குக் கை அரிக்கும். "பின்னாலும் டிஸ்க் போட்டுவிட்டால் வண்டி இன்னும் சீக்கிரம் நிற்குமே!" என்பார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

பிரேக் என்பது வேறொன்றுமில்லை. வேகத்தைச் சூடாக மாற்றிக் காற்றில் விடும் யந்திரம். டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் ஓர் இரும்பு டப்பாவுக்குள் வளைந்த இரண்டு 'ஷூ'க்கள் இருக்கும். பெடலை மிதித்தால் அவை அகன்று டப்பாவின் உட்சுவரை அழுத்தும். டிஸ்க் பிரேக்கில் டப்பா கிடையாது. சுழலும் தட்டை இருபுறமும் இரண்டு கட்டைகள் கவ்விப் பிடிக்கும். சைக்கிளில் இரண்டு ரப்பர்கள் சக்கர விளிம்பைக் கவ்வுகின்றனவே, அதே யுக்தி.

மூடிய கூஜாவில் காப்பி ஆறுமா? டபராவில் ஊற்றினால் ஆறுகிறது. டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் உள்ள முதல் வித்தியாசம் இதுதான். நீண்ட மலைச் சரிவில் திரும்பத் திரும்பப் பிரேக் போட்டால் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் வெளிக்காற்றில் ஆறிக்கொண்டே இருக்கும்.

1902-லேயே லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் டிஸ்க் பிரேக்குக்குப் பேடண்ட் வாங்கிவிட்டார். ஆனாலும் அதன் பெருமை உலகத்துக்குத் தெரிந்தது 1953-ல்தான். பிரான்சில் லெ மான்ஸ் என்னுமிடத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி சராசரி 100 மைல் வேகத்தையும் தாண்டி ஜெயித்தது.

அப்படியானால் பின் சக்கரத்துக்கு மட்டும் டிரம் ஏன்? கஞ்சத்தனம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. பஸ் சட்டென்று நிற்கும்போது எல்லோரும் முன்னால் சாய்கிறோம் அல்லவா? வண்டியின் பாரமும் அப்படித்தான் முன் சக்கரங்களின்மேல் சாய்கிறது. பின் சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குகளுக்குத்தான்.

லேசான பின் சக்கரத்தைப் பலமாகப் பிடித்தால் என்ன ஆகும்? அது சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி நேராகச் சறுக்கும், அதுவே ஆபத்துதான். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டாலோ, வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும்! மழை பெய்த சாலையில் வண்டி பம்பரமாகச் சுற்றுவது இதனால்தான். பின் பிரேக்கின் பெருமை பலத்தில் இல்லை, அடக்கத்தில் இருக்கிறது.

டிரம்முக்கு இன்னொரு குணம் உண்டு. சுழலும் டப்பா ஒரு ஷூவைத் தானே இழுத்து இறுக்கிக்கொள்ளும், கதவடியில் செருகிய ஆப்பு தள்ளத் தள்ள இறுகுவதைப் போல. அதனால் ஹாண்ட் பிரேக்கின் மெல்லிய கம்பி இழுத்தாலே கெட்டியாகப் பிடிக்கிறது. டிஸ்க்குக்கு இந்த உதவி கிடையாது. ஹாண்ட் பிரேக்குக்கு என்று தனி ஏற்பாடு வேண்டும்.

ஆகவே, "பின்னால் டிஸ்க் போடப் போகிறேன்" என்று யாராவது உற்சாகமாகப் புறப்பட்டால், பக்கத்து ஆசனக்காரர் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

முதலாவது: "முன் பிரேக் சரியாக இருக்கிறதா?" நல்ல டயர், புதிய ரப்பர் குழாய்கள், புதிய பிரேக் ஆயில் ஆகியவை போட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 4' ரகம் புதிதில் குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155-க்கே கொதித்துவிடலாம். கொதித்தால் மிதிப்பது ஆவியைத்தான், பிரேக்கை அல்ல. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது உத்தமம்.

இரண்டாவது: "முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரித்தாயிற்றா?" காலிபரின் பிஸ்டன் அளவு பொருந்த வேண்டும். பின்பக்கத்து அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு தேவைப்படலாம். பிறகு பட்டறையில் உருளைகளின்மேல் வண்டியை ஏற்றி அளந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது: "ஹாண்ட் பிரேக் எங்கே?" ஆரம்ப கால எம்.ஜி.பி.யில் நாலு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழிதான். ஓரிடத்தில் ஒழுகினால் பெடல் முழுவதும் போச்சு. மிஞ்சுவது ஹாண்ட் பிரேக் ஒன்றே. அதனால்தான் பிரிட்டனின் வருஷாந்திரப் பரிசோதனையில், இரட்டை வழி வண்டியின் ஹாண்ட் பிரேக்குக்கு 16 சதவிகிதத் திறன் போதும் என்றவர்கள், ஒற்றை வழி வண்டிக்கு 25 கேட்கிறார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை! 2018 மே மாதத்திலிருந்து, 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு, பெரிய மாறுதல் செய்யாதவரை, அந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. எம்.ஜி.பி.க்கள் எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டன. விரும்பினால் காட்டிச் சோதித்துக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. கேட்க வேண்டியவர் பக்கத்தில் உட்காருகிறவர்தான்.

மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்தால், தாராளமாக டிஸ்க் போடட்டும், நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பதில், "உனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்ற கேள்வி வந்தால், அன்றைக்கு ரயிலில் போவது நல்லது!