முப்பதுக்குக் கீழே டி-சோதனை கூடாதா?

ஆய்வேடு எழுதும் மாணவர்களிடையே ஒரு சூத்திரம் கைமாறிக்கொண்டே இருக்கிறது: “மாதிரி 30-க்குக் குறைவா? ஷாபிரோ-வில்க் சோதனையில் தரவு தேறவில்லையா? டி-சோதனையை விடு, மான்-விட்னி போடு. அதுதான் பாதுகாப்பு.” நான் இதை ஏற்கவில்லை.

டி-சோதனை பிறந்ததே சிறிய மாதிரிக்காகத்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் அதற்கு அடித்தளமிட்டார். அவர் காட்டிய உதாரணம் பத்து நோயாளிகளின் தூக்கக் கணக்கு.

சிறிய மாதிரியில் உண்மையில் கைவிடுவது மான்-விட்னிதான். மூன்று எலிகளுக்கு மருந்து, மூன்றுக்கு இல்லை. மருந்து பெற்றவற்றின் அளவு 10, 11, 12. மற்றவை 1, 2, 3. மான்-விட்னி வரிசை எண்களை மட்டுமே பார்க்கும். ஆறு இடங்களில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 20 வழிகள். இரு ஓரங்களையும் சேர்த்தால் உச்சமானவை 2. ஆக, பி மதிப்பு 0.10. அந்த 12-ஐ 12,000 ஆக்கினாலும் அதே 0.10; வழக்கமான வரம்பான 0.05-க்குக் கீழே இறங்கவே வழியில்லை. இதை வைத்து “மருந்துக்குப் பலனில்லை” என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கும்போது மனம் பதறுகிறது. டி-சோதனைக்கும் இங்கே இயல்நிலைப் பரவலை நம்பியாக வேண்டும்தான். அந்த நம்பிக்கையை முந்தைய ஆய்வுகள் தர வேண்டும், ஆறு எண்கள் தராது.

தரவு இயல்நிலைப் பரவலை ஒத்திருக்கிறதா என்று பார்க்கும் ஷாபிரோ-வில்க்கும் தராது. சிறிய மாதிரியில் கோணலைப் பிடிக்க அதற்கு வலுவில்லை. பெரிய மாதிரியில் பொருட்படுத்தத் தேவையில்லாத கோணலையும் பிடித்துவிடும். போதாக்குறைக்கு, இரு குழுக்களையும் ஒன்றாகக் கொட்டிச் சோதிக்கிறார்கள். பார்க்க வேண்டியது ஒவ்வொரு குழுவுக்குள்ளும்.

“மான்-விட்னி இடைநிலையை ஒப்பிடுகிறது” என்பதும் பொதுவாகச் சரியல்ல. 1, 2, 10, 11, 12 ஒரு குழு. 8, 9, 10, 30, 40 இன்னொன்று. இரண்டுக்கும் இடைநிலை 10. ஆனால் 25 ஜோடிகளில் இரண்டாவது குழு 16-இல் முந்துகிறது, 8-இல் பிந்துகிறது, ஒன்று சமம். மான்-விட்னி எண்ணுவது இதைத்தான். மருத்துவச் செலவை ஒப்பிடுபவருக்கு இது போதாது; மொத்தச் செலவைச் சொல்வது சராசரிதான். மாதிரி பெரிதாக இருந்தால் அங்கே வெல்ச்சின் டி-சோதனை பொருந்தும்.

மான்-விட்னி மட்டமான சோதனை அல்ல. வலியை ‘இல்லை, லேசு, கடுமை’ என்று பதிவுசெய்தால் நான் அதைத்தான் போடுவேன்.

வழிகாட்டிகளே, தரவு கைக்கு வருமுன்பே மாணவரிடம் கேளுங்கள்: நீ ஒப்பிடப்போவது சராசரியையா, எது முந்துகிறது என்பதையா? பதிலை அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.