ப்ளே ஸ்டோர் இல்லாமலே ஆப்: முடியும்... ஆனா ஏன் நடக்கவில்லை?

2024 மார்ச் 1. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட சில இந்திய நிறுவனங்களின் ஆப்களை கூகுள் தனது ப்ளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. கமிஷன் தகராறுதான் காரணம். மத்திய அரசு தலையிட்டதும் சில நாட்களில் ஆப்கள் திரும்பி வந்துவிட்டன. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது: ஸ்டோரை நம்பாமல் மொபைலில் பிழைக்கவே முடியாதா?

முடியும். அதற்குப் பெயர் ‘புரோகிரஸிவ் வெப் ஆப்’. 2015-லேயே வந்த பெயர்.

எப்படி வேலை செய்கிறது?

அடிப்படையில் இது ஓர் இணையதளம். குரோமில் திறந்து, மெனுவில் ஹோம் ஸ்க்ரீனில் சேர்க்கும் ஆப்ஷனைத் தட்டினால் ஐகான் வந்து உட்கார்ந்துகொள்ளும். பின்னணியில் ‘சர்வீஸ் வொர்க்கர்’ என்ற சின்ன நிரல், போனுக்கும் சர்வருக்கும் நடுவே நின்று தேவையானதைச் சேமித்து வைக்கும். ரயிலில் போகும்போது சிக்னல் போனாலும், சேமித்த பக்கங்கள் திறக்கும். 2017-ல் வந்த ட்விட்டர் லைட்டின் அளவு 1 எம்பிக்கும் குறைவு!

ஃபிளிப்கார்ட் இந்தப் பாடத்தை அப்போதே படித்துவிட்டது. 2015-ல் மொபைல் தளத்தை மூடிவிட்டு ஆப்பில் மட்டும் வாங்கச் சொன்ன நிறுவனம், அதே ஆண்டு நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’ என்ற வெப் ஆப்புடன் பிரவுசருக்கே திரும்பியது.

அப்புறம் என்ன தடை?

ஆப்பிள் பக்கம் பார்த்தால் புரியும். ஐபோன் அறிமுகமான 2007-ல், வெளி டெவலப்பர்களுக்கு ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய வழியே வெப் ஆப்தான். மறு ஆண்டு ஆப் ஸ்டோர் வந்தது, கூடவே 30 சதவீத கமிஷனும். அதன்பின் வெப் ஆப்புக்கு நோட்டிபிகேஷன் அனுப்பும் வசதியைக் கொடுக்க 2023 வரை ஆனது. 2024 பிப்ரவரியில், பாதுகாப்பைக் காரணம் காட்டி ஐரோப்பிய யூனியன் நாடுகளில் வெப் ஆப் வசதியையே நிறுத்தப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அதுவும் எப்போது? அதே மார்ச் 1-ம் தேதி!

சீனாவில் 2017-ல் வீசாட் தொடங்கிய ‘மினி புரோகிராம்’ இன்னொரு வழி. இன்ஸ்டால் தேவையில்லை, டாக்ஸி முதல் டீ வரை எல்லாம் உள்ளேயே. இங்கே 2020 செப்டம்பரில் ப்ளே ஸ்டோரிலிருந்து சில மணி நேரம் நீக்கப்பட்ட பேடிஎம்மும், அடுத்த மாதமே ‘மினி ஆப் ஸ்டோர்’ திறந்தது. ஆனால் அதற்குள் நுழைய பேடிஎம் ஆப் வேண்டும். அந்த ஆப் இருப்பது ப்ளே ஸ்டோரில். சுற்றிச் சுற்றி அதே வாசல்தான்.

வெப் ஆப்பால் எல்லாம் ஆகிவிடாது என்பதும் உண்மை. யுபிஐ எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் போனைச் சரிபார்க்கிறது. பிரவுசருக்கு அந்த அனுமதி கிடையாது. ஆனால் மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட், பஸ் டிக்கெட், ஹோட்டல் மெனு போன்றவற்றுக்குத் தனி ஆப் எதற்கு?

பிரச்சினை, ஐகானைச் சேர்க்கும் வழி ஒளிந்திருப்பதுதான். ஐபோனில் ஷேர் பட்டனைத் தட்டி, கீழே இறங்கித் தேட வேண்டும். அப்படி ஒரு ஆப்ஷன் இருப்பதே பலருக்கும் தெரியாது.